பித்தளை உறுப்புகளால் ஒளிவாள் கைப்பிடி செய்தல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மலேசியாவின் சுங்கை சிப்புட்டிலும் சுற்றியுள்ள தோட்டங்களிலும், ஸ்டார் வார்ஸ் படங்களில் வரும் ஒளிவாளுக்குக் கைப்பிடி செய்யத் தொடங்கும் இளைஞர்களும் அவர்களுடைய பெற்றோரும் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கும் ஐயங்களை, அவர்கள் கேட்ட சொற்களிலேயே இங்கே தொகுத்திருக்கிறேன். எளிய கேள்விகள் முதலிலும் சிக்கலானவை பின்னாலும் வருகின்றன. வாளின் ஒளிரும் பகுதியை ஒளிக்குழல் என்றும், அது செருகப்படும் வாயை முகப்பு என்றும், கைப்பிடியின் அடிமுனையை அடிமூடி என்றும் குறிப்பிடுகிறேன்.

அண்ணே, படத்துல வந்த கைப்பிடியையும் இப்படிக் கடைச் சாமான்லதான் செஞ்சாங்களா?

ஆம். 1977இல் வெளிவந்த ஸ்டார் வார்ஸ் படத்தில் இளம் நாயகன் ஏந்திய கைப்பிடி, கிராஃப்ளெக்ஸ் என்னும் அமெரிக்க நிறுவனம் பழைய கேமராக்களின் பிளாஷ் விளக்குக்காகச் செய்த பேட்டரிக் குழல்தான். அரங்கப் பொருள்களைக் கவனித்த ரோஜர் கிறிஸ்டியன் அதை இலண்டனில் ஒரு கேமராக் கடையில் கண்டெடுத்து, கறுப்புப் பட்டைகளை ஒட்டி வாளாக்கினார். அந்தக் குழலின் மேற்பூச்சுக்கு அடியில் இருப்பது பித்தளை. அதே படத்தின் முதிய வீரருடைய கைப்பிடியில் ஒரு ஜெட் எஞ்சின் குழாய்த் துண்டும், முதல் உலகப் போர்க்காலத்தில் துப்பாக்கியால் ஏவிய எறிகுண்டு ஒன்றின் உடற்பகுதியும், தண்ணீர்க் குழாயின் திருகுபிடியும் சேர்ந்திருக்கின்றன.

ஆகையால், ஹார்ட்வேர் கடையில் தேடி எடுத்த உறுப்புகளைக் கொண்டு செய்வதை வசதியில்லாதவர்களின் வழி என்று யாரும் தாழ்வாக நினைக்க வேண்டியதில்லை. மூலப் பொருளே அப்படித்தான் பிறந்தது.

எதுக்குப் பித்தளை? அலுமினியம் இலேசா இருக்கே.

எடையில் அலுமினியம்தான் வெல்லும். 35 மி.மீ. வெளிவிட்டமும் 2 மி.மீ. சுவரும் 28 செ.மீ. நீளமும் உள்ள பித்தளைக் குழல் ஏறத்தாழ 490 கிராம் இருக்கும். அதே அளவு அலுமினியக் குழல் 160 கிராமைத் தாண்டாது. இணைப்பு உறுப்புகளும் பேட்டரியும் சேரும்போது பித்தளைக் கைப்பிடி ஒரு கிலோவை நெருங்கிவிடும்.

இருந்தாலும் நான் பித்தளையைத்தான் பரிந்துரைக்கிறேன். காரணம் மரை, அதாவது திருகிச் சேர்ப்பதற்காக வெட்டும் சுற்றுவரி. பித்தளையில் மரை சுத்தமாக விழும். எத்தனை முறை திருகிக் கழற்றினாலும் அலுமினியத்தைப் போல ஒன்றையொன்று கடித்துக்கொண்டு கிழியாது. எந்தச் சிற்றூர் ஹார்ட்வேர் கடையிலும் ஏற்கனவே மரை வெட்டிய பித்தளை உறுப்புகள் கிடைக்கின்றன என்பதால், கடைசல் இயந்திரம் (லேத்) இல்லாதவரும் ஒரு முழுக் கைப்பிடியைக் கட்ட முடியும். பசையின்றித் திருகிச் சேர்த்த கைப்பிடியை நினைத்தபோது பிரித்து, ஓர் உறுப்பை மாற்றி, மறுபடி கட்டலாம். இந்தக் கைவேலையின் உயிர் அதில்தான் இருக்கிறது என்பது என் உறுதியான கருத்து. கீழே வரும் பல பதில்கள் இதையொட்டியே அமையும்.

சாமான் எங்கே வாங்கலாம்? பழைய இரும்புக் கடையில வாங்கினா நல்லதா?

புதிய உறுப்புகளுக்கு நம் ஊர் ஹார்ட்வேர் கடைகளே போதும். அங்கே இல்லாத பெரிய அளவுகளுக்கு ஈப்போ செல்லலாம். பழைய இரும்புக் கடைகளில் பித்தளையை எடைபோட்டு விற்பார்கள். மூடிய ஆலைகளிலிருந்து வந்த வால்வுகள், அழுத்தமானிகளின் வளையங்கள், தீயணைப்புக் குழாய் இணைப்புகள் போன்றவை அங்கே தட்டுப்படும். இன்று கடையில் கிடைக்காத தடிப்பும் வடிவமும் அவற்றில் உண்டு.

ஒன்றை மட்டும் தொடவே கூடாது. வீட்டுக் குடிநீர் மீட்டரின் பித்தளை உடல் எவ்வளவு அழகாக இருந்தாலும், யார் விற்றாலும் வாங்காதீர்கள். மீட்டர்களைக் கழற்றித் திருடி விற்பது நம் நாட்டில் தெரிந்த சிக்கல். அதை வாங்குபவர் ஒரு குடும்பத்தின் தண்ணீரை நிறுத்துவதற்குத் துணைபோகிறார்.

மஞ்சளா இருக்கறதெல்லாம் பித்தளைதானா? எப்படிக் கண்டுபிடிக்கறது?

காந்தம் ஒட்டினால் அது பூச்சுப் பூசிய இரும்பு. ஒட்டாவிட்டால் பித்தளை என்று முடிவு கட்ட வேண்டாம்; துத்தநாகக் கலவையில் வார்த்த மலிவான உறுப்புகளையும் காந்தம் இழுக்காது. மறைவான இடத்தில் அரத்தால் ஒரு கீறு கீறிப் பாருங்கள். உள்ளேயும் மஞ்சளாக இருந்தால் பித்தளை, சாம்பல் நிறமானால் துத்தநாகக் கலவை. குரோம் பூசிய குழாய் உறுப்புகளின் அடியில் பெரும்பாலும் நல்ல பித்தளை இருக்கும் என்பதால், வெள்ளையாகத் தெரிவதை எல்லாம் ஒதுக்கிவிடவும் வேண்டாம்.

1 அங்குல நிப்பிள்னு வாங்கினேன், அளந்தா 33 மி.மீ. வருது. கடைக்காரர் ஏமாத்திட்டாரா?

ஏமாற்றவில்லை. நிப்பிள் என்பது இரு முனையிலும் வெளிமரை உள்ள குழாய்த் துண்டு. குழாய் அளவுகள் பழங்காலத்தில் உள்விட்டத்தைக் கொண்டு பெயர் பெற்றவை. நம் நாட்டில் புழங்கும் பி.எஸ்.பி. என்னும் பிரிட்டிஷ் குழாய் மரையில் 1/2 அங்குலத்தின் வெளிவிட்டம் 20.96 மி.மீ., 3/4 அங்குலத்தின் வெளிவிட்டம் 26.44 மி.மீ., 1 அங்குலத்தின் வெளிவிட்டம் 33.25 மி.மீ., 1 1/4 அங்குலத்தின் வெளிவிட்டம் 41.91 மி.மீ. ஆகும். முதல் இரண்டுக்கும் ஓர் அங்குலத்துக்கு 14 மரைகள். அடுத்த இரண்டுக்கும் 11.

இணையத்தில் அமெரிக்க உறுப்புகளை வாங்குவோர் கவனிக்க வேண்டியது, அங்குள்ள என்.பி.டி. மரையின் கோணம் 60 பாகை, நம்முடையது 55 பாகை என்பது. 1/2 அங்குலத்தில் இரண்டுக்கும் மரை எண்ணிக்கை 14 என்பதால் முதல் சில சுற்றுகள் ஏறும். பிறகு இறுகி மரையைக் கெடுக்கும். இரண்டையும் கலக்காதீர்கள்.

எந்த உறுப்பை எந்த வரிசையில சேர்க்கணும்?

வயது வந்தவரின் கைக்கு 32 முதல் 36 மி.மீ. வரையிலான தடிப்பு இதமாக இருக்கும். மேலே சொன்ன அளவுகளில் 1 அங்குல நிப்பிள் இதற்கு நேராகப் பொருந்துகிறது. எனவே கை பிடிக்கும் இடத்தில் நிப்பிளோ குழலோ இருக்க வேண்டும். அதைவிடத் தடித்த சாக்கெட், அதாவது நிப்பிள்களை இணைக்கும் உள்மரை உறுப்பு, அங்கே வரக் கூடாது. சாக்கெட்டைப் பிடிக்கு மேலும் கீழும் வைத்தால் அது கை வழுக்காமல் தடுக்கும் வரம்பாகவும் அமையும். அடியில் அறுகோண மூடி, அதன்மேல் நீளமான நிப்பிள், அதன்மேல் சாக்கெட், பிறகு சுவிட்ச் பதிக்கும் குட்டை நிப்பிள், மீண்டும் சாக்கெட், கடைசியில் முகப்பு என்பது பிழைபோகாத வரிசை. மொத்த நீளம் 25 முதல் 30 செ.மீ. வரை இருக்கட்டும்.

நீளமான பித்தளை நிப்பிள் கிடைக்காவிட்டால் குழல் வாங்கி லேத் பட்டறையில் இருபுறமும் மரை வெட்டச் சொல்லலாம். 1 அங்குல மரையின் ஆழம் ஏறத்தாழ 1.5 மி.மீ. என்பதால் குழலின் சுவர் 3 மி.மீ.க்குக் குறையக் கூடாது. பட்டறைக்குப் போகும்போது, சேர வேண்டிய சாக்கெட்டையும் மி.மீ. கணக்கில் வரைந்த ஒரு தாளையும் கையில் கொண்டு போங்கள். ஆலை இயந்திரங்களுக்கும் லாரிகளுக்கும் வேலை செய்யும் அந்த அண்ணன்மாருக்கு வாய்ப்பேச்சைவிடத் தாளே உதவும்.

டிரில் பண்ணும்போது முனை அப்படியே உள்ளே இழுத்துக்கிட்டுப் போகுது. பித்தளை கெட்டதா?

பித்தளையின் இயல்பு அது. இரும்புக்கெனத் தீட்டிய துளைமுனையின் வெட்டு விளிம்பு பித்தளைக்கு மிகக் கூர்மையானது. ஆகவே திருகாணிபோல உள்ளே ஏறிவிடுகிறது. அந்த விளிம்பை எண்ணெய்க் கல்லில் இலேசாகத் தேய்த்துத் தட்டையாக்கினால் இழுப்பு நின்றுவிடும். சுவிட்சுக்கான 12 அல்லது 16 மி.மீ. துளையை ஒரே மூச்சில் போடாமல், சிறிய துளையில் தொடங்கிப் படிமுனையால் விரிக்க வேண்டும். உறுப்பை வைஸ் என்னும் பிடிப்புக் கருவியில் மரத்துண்டுகளுக்கு நடுவே இறுக்குங்கள். கையில் பிடித்துத் துளையிடாதீர்கள்.

மெல்லிய குழலை அறுக்க அங்குலத்துக்கு 32 பல் உள்ள ஹேக்சா அலகு நல்லது. உறுப்புகளை இறுக்கப் பைப் ரெஞ்ச் பிடித்தால் பல் தடம் ஆழமாகப் பதிந்துவிடும். வார் ரெஞ்சையோ பழைய தோல் வாரையோ சுற்றித் திருகலாம். கடைசலுக்கென்று செய்யும் பித்தளையில் 3 விழுக்காடு வரை ஈயம் இருப்பதுண்டு. தூளை வாயால் ஊதாமல், வேலை முடிந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவிய பிறகே சாப்பிட வேண்டும்.

பாட்டியோட உடைஞ்ச குத்துவிளக்கை இதுக்குப் பயன்படுத்தலாமா?

இந்தக் கேள்வியை எதிர்பார்ப்பதைவிட அதிகமாகக் கேட்கிறார்கள், அதற்குக் காரணமும் உண்டு. குத்துவிளக்கே பீடம், தண்டு, அகல், முகடு என்று தனித்தனியாகக் கடைந்து திருகிச் சேர்க்கும் பொருள். அதன் தண்டில் இருக்கும் வளைய வரிசையைப் போன்ற கடைசலை எந்த ஹார்ட்வேர் உறுப்பிலும் காண முடியாது. அடிமூடிக்கும் முகப்பின் கழுத்துக்கும் அது மிக அழகாகப் பொருந்தும்.

ஆனால் இரண்டு தடைகள் இருக்கின்றன. விளக்கின் மரை செய்தவரின் மரை; பி.எஸ்.பி. மரையோடு சேராது. எனவே லேத்தில் இடையிணைப்பு ஒன்று கடைய வேண்டிவரும். மேலும், வார்த்த பித்தளைக்குள் சிறு காற்றுக்குழிகள் இருக்கக்கூடும். கடையும்போதுதான் அவை வெளியே தெரியும். எல்லாவற்றுக்கும் முன்னதாக, பூசையறையில் எரிந்த விளக்கு என்றால் வீட்டுப் பெரியவர்களிடம் கேளுங்கள். அவர்கள் வேண்டாம் என்றால் அதோடு விட்டுவிட வேண்டும். பழைய பாத்திரக் கடையில் ஒற்றைத் தண்டுகள் கிடைக்கின்றன.

எபாக்சி போட்டு ஒட்டிட்டா வேலை சீக்கிரம் முடியுமே? இல்லேன்னா பற்ற வைக்கலாமா?

வேலை சீக்கிரம் முடியும். பிறகு உள்ளே ஒரு கம்பி அறுந்தாலும் கைப்பிடியை அறுத்துத்தான் திறக்க வேண்டும். அலங்கார வளையம், சிறு தகடு போன்ற சுமை தாங்காத உறுப்புகளை ஈயமில்லாச் சால்டரால் பற்ற வைக்கலாம். வெள்ளீயமும் செம்பும் கலந்த அந்தக் கம்பி 227 பாகை செல்சியசில் உருகுவதால் பித்தளைக்குக் கேடில்லை. வெள்ளிக் கலவையால் பற்ற வைப்பதற்கு 600 பாகைக்கு மேல் வேண்டும்; அந்த வெப்பத்தில் பித்தளை தன் உறுதியை இழந்து மெத்தென்று ஆகிவிடும். தீச்சுடரை அளவுமீறிக் காட்டினால் துத்தநாகம் வெண்புகையாகக் கிளம்பும்; அதைச் சுவாசித்தவருக்குச் சில மணி நேரத்தில் குளிர்காய்ச்சல் வரும். மூடிய அறையில் இதைச் செய்யவே கூடாது.

சுவிட்ச் ஒரு பக்கம், ஒளிக்குழலை இறுக்கற முகப்புத் திருகாணி வேறு பக்கம் நிக்குது. நேரா வரவே மாட்டேங்குது.

திருகிக் கட்டும் எல்லாக் கைப்பிடிகளுக்கும் உள்ள சிக்கல் இது. தீர்வு கணக்கில் இருக்கிறது. 1 அங்குல மரையில் ஓர் அங்குலத்துக்கு 11 சுற்று என்பதால் ஒரு முழுச் சுற்று 2.31 மி.மீ. நகரும், கால் சுற்று 0.58 மி.மீ. உறுப்பு இறுகி நிற்கும் இடம் கால் சுற்று முன்னதாக வர வேண்டுமானால், இடையில் 0.58 மி.மீ. தடிப்புள்ள பித்தளைத் தகட்டு வளையத்தை இட வேண்டும். சரியான தடிப்பு கிடைக்காவிட்டால், சற்றுத் தடித்த வளையத்தை வாங்கி, கண்ணாடிமேல் விரித்த உப்புத்தாளில் தேய்த்துத் தேய்த்துக் கொண்டுவாருங்கள். பொறுமை வேண்டும் வேலை இது. ஆனால் முடித்த கைப்பிடியில் எல்லாம் ஒரே கோட்டில் நிற்பதைப் பார்க்கும்போது அந்தப் பொறுமை வீண்போகவில்லை என்று தெரியும்.

வாங்கும்போதே இன்னொன்றையும் பார்க்க வேண்டும். பி.எஸ்.பி. மரையில் நேர்மரை, சரிவுமரை என இரு வகைகள் உண்டு. சரிவுமரை, விளிம்புகள் தொடுவதற்கு முன்பே இறுகிவிடும் என்பதால் இடையில் மரை வெளியே தெரியும். அழகுக்கும் இந்த வளையக் கணக்குக்கும் நேர்மரைதான் ஏற்றது.

ரப்பர் பட்டை சுத்தினேன். கழற்றிப் பார்த்தா பித்தளை கறுத்துப்போச்சு. ஏன்?

கந்தகமிட்டுப் பதப்படுத்திய ரப்பரில் உள்ள கந்தகம் பித்தளையோடு வினைபுரிகிறது. டயருக்குள் இருக்கும் எஃகுக் கம்பிகளுக்குப் பித்தளை பூசுவதே இந்த வினையால் ரப்பர் கம்பியை விடாமல் பற்றிக்கொள்ளும் என்பதற்காகத்தான். பால்மரத்தோடு வாழ்ந்த ஊரில் ரப்பர்ப் பிடி வேண்டும் என்ற ஆசை எனக்குப் புரிகிறது, அதைக் கைவிடவும் வேண்டியதில்லை. அடியில் தெளிந்த லாக்கர் என்னும் காப்புப் பூச்சை இரண்டு முறை பூசி, நன்றாகக் காய்ந்தபின் பட்டையைச் சுற்றுங்கள். தோல் சுற்றுவோருக்கும் இதே முறைதான். தோலிலுள்ள அமிலமும் கொழுப்பும் பித்தளையில் பச்சைக் களிம்பை உண்டாக்கும். சிலிக்கோன் பட்டையில் இந்தத் தொல்லை இல்லை.

புளி போட்டுத் தேய்க்கலாமா, பிராசோதான் போடணுமா?

பிரித்த உறுப்புகளைப் புளியால் தேய்க்கலாம். விளக்குத் தேய்க்கும் முறைதான். அமிலம் மரைக்குள் தங்காதபடி நன்றாகக் கழுவி, உடனே துடைத்துக் காயவைக்க வேண்டும். இரவு முழுவதும் ஊறவைத்தால் துத்தநாகம் கரைந்து, மேற்பரப்பில் செம்பின் இளஞ்சிவப்பு தெரியத் தொடங்கும். சுவிட்சும் கம்பியும் உள்ளே இருக்கும்போது புளியை நெருங்கவிடாதீர்கள்; அப்போது பிராசோ என்னும் உலோக மெருகுத் திரவத்தைத் துணியில் தொட்டு மேலோட்டமாகத் தேய்த்தால் போதும். புதிய உறுப்பில் கீறல் போக்க 240, 400, 800, 1200 என்ற வரிசையில் உப்புத்தாள் போட்ட பிறகே மெருகு ஏறும்.

நம் ஊர் ஈரக் காற்றில் மெருகு நீடிக்காது. லாக்கர் பூசித் தடுக்கலாம், நான் பூசுவதில்லை. கை படும் இடம் பளபளத்தும் படாத இடம் பழுத்தும் நிற்கும் பித்தளையே எனக்கு நிறைவு தருகிறது.

தோட்டத்துல பாலுக்கு ஊத்தற அமோனியாவை வச்சுப் பழசு மாதிரி கருக்க வைக்கலாமா?

ரப்பர்ப் பால் உறையாமலிருக்கச் சேர்க்கும் அமோனியாவின் ஆவி பித்தளையை உண்மையிலேயே கருக்கவைக்கும். இருந்தும் நான் வேண்டாம் என்கிறேன். உள்ளே இறுக்கம் தங்கியுள்ள பித்தளை அமோனியா பட்டால் வெடித்துப் பிளக்கும். ஆங்கிலேயர் ஆட்சிக்கால இந்தியாவில், மழைக்காலத்தில் குதிரை லாயங்களுக்கு அருகே வைத்திருந்த பித்தளைத் தோட்டாக் கூடுகள் தாமாகவே பிளந்தன. சாணத்திலிருந்தும் சிறுநீரிலிருந்தும் எழுந்த அமோனியாதான் காரணம் என்று பிற்பாடு கண்டறிந்தார்கள். இழுத்துச் செய்த குழலும் இறுக்கித் திருகிய சாக்கெட்டும் அதே நிலையில்தான் இருக்கின்றன. பால் உறையவைக்கும் ஃபார்மிக் அமிலமும் கூடாது; புளி பற்றிய பதிலில் சொன்ன துத்தநாகக் கரைவு அதில் விரைவாக நடக்கும், தோலையும் புண்ணாக்கும். பழமை வேண்டுவோர் மெருகேற்றிய பின் பூச்சில்லாமல் வைத்திருந்தாலே சில மாதங்களில் நிறம் தானாக வந்துவிடும்.

பித்தளையில கரண்ட் பாயுமே, விளக்கு வச்சா ஷாக் அடிக்காதா?

ஷாக் அடிக்காது, 18650 வகை லித்தியம் பேட்டரியின் மின்னழுத்தம் முழுச் சார்ஜிலும் 4.2 வோல்ட்தான். அஞ்ச வேண்டியது ஷார்ட் ஆவதை. அந்தப் பேட்டரியின் வெளி உடல் முழுவதும் எதிர்முனை. மேலே மெல்லிய பிளாஸ்டிக் உறை மட்டுமே இருக்கிறது. குழலின் உள்விளிம்பில் அரம்போடாத பிசிறு அந்த உறையைக் கிழித்து, நேர்முனைக் கம்பியும் எங்காவது பித்தளையைத் தொட்டால், கையில் இருப்பது கொதிக்கும் உலோகம். ஆகவே எல்லா உள்விளிம்புகளையும் வழவழப்பாக்கி, பேட்டரியைப் பிளாஸ்டிக் தாங்கியில் வைத்து, அதைச் சுற்றிப் பி.வி.சி. குழல் ஒன்றையும் செருகுங்கள். பித்தளை உடலை மின்சுற்றின் ஒரு பாதியாகப் பயன்படுத்தும் பழைய டார்ச்லைட் முறை இங்கே வேண்டாம்.

3.3 வோல்ட் எல்.இ.டி. ஒன்றை 0.7 ஆம்பியரில் எரிக்க, 4.2 வோல்ட்டிலிருந்து மீதமாகும் 0.9 வோல்ட்டை 0.7ஆல் வகுத்தால் ஏறத்தாழ 1.3 ஓம் வருகிறது. அதில் 0.63 வாட் சூடாகும் என்பதால் 2 வாட் ரெசிஸ்டர் போடுவது பாதுகாப்பு. வெயிலில் நிற்கும் காருக்குள் பேட்டரியோடு விட்டுவிட்டுப் போகாதீர்கள்.

ஒளிக்குழல் முகப்பில ஆடுது. திருகாணியை இறுக்கினா விரிசல் விடுது.

வழக்கமான ஒளிக்குழல் 25.4 மி.மீ. வெளிவிட்டமுள்ள பாலிகார்பனேட் குழல். 1 அங்குலப் பித்தளை உறுப்பின் உள்விட்டம் செய்பவருக்குச் செய்பவர் மாறும் என்பதால், கடைக்குப் போகும்போது குழலின் சிறு துண்டு ஒன்றை எடுத்துப்போய்ச் செருகிப் பாருங்கள். ஆட்டம் இருந்தால் உள்ளே ஒரு மெல்லிய பித்தளைக் கூடு கடைந்து போட வேண்டும். ஆட்டத்தைத் திருகாணியின் இறுக்கத்தால் அடக்கப் பார்ப்பதால்தான் விரிசல் விழுகிறது. எம்4 (4 மி.மீ.) திருகாணிக்கு 3.3 மி.மீ. துளையிட்டு மரை வெட்டி, முனை தட்டையாக உள்ள திருகாணியைப் போடுங்கள். மரை தளராமலிருக்கப் போடும் திரவப் பசையும் அசெட்டோனும் பாலிகார்பனேட்டை நொறுங்க வைக்கும். முகப்புப் பக்கம் இரண்டையும் கொண்டுவர வேண்டாம்.

தம்பி, என் மகனுக்குப் பத்து வயசு. இதை வச்சுக் கூட்டாளிங்களோட சண்டை போட்டு விளையாடலாமா?

கூடாது, அக்கா. ஒரு கிலோ பித்தளை பிள்ளையின் மணிக்கட்டுக்கு அதிகம். நழுவினால் கால்விரல் உடையும், வீசினால் பல் போகும். மோதி விளையாட அலுமினியக் கைப்பிடியும் தடித்த சுவருள்ள ஒளிக்குழலும் தனியாக இருக்கின்றன. மகன் ஆசைப்பட்டால், உங்கள் கண்முன் உப்புத்தாள் போடவும் உறுப்புகளைத் திருகவும் விடுங்கள்.

ஈப்போவுக்குப் பஸ்ஸில எடுத்துட்டுப் போனா போலீஸ் பிடிக்குமா?

பொது இடத்தில் தகுந்த காரணமின்றித் தாக்கும் ஆயுதம் வைத்திருப்பதைக் குற்றமாக்கும் 1958ஆம் ஆண்டுச் சட்டம் நம் நாட்டில் இருக்கிறது. நீங்கள் விளையாட்டுப் பொருளாகக் காண்பது, தெரியாதவர் கண்ணுக்குக் கனத்த பித்தளைக் குழாய். எனவே ஒளிக்குழலையும் பேட்டரியையும் கழற்றி, எல்லாவற்றையும் பைக்குள் வைத்து மூடி, போகும் இடம் சேர்ந்த பிறகே வெளியே எடுங்கள். கேட்பவரிடம் பணிவாகத் திறந்து காட்டுங்கள்.

செஞ்சு விக்கலாமா?

உங்கள் சொந்த வடிவமைப்பில் செய்த கைப்பிடியை அதன் வேலைப்பாட்டுக்காக விற்பது வேறு. படத்தின் பெயரையும் முத்திரையையும் அதில் வந்த கைப்பிடிகளின் வடிவத்தையும் சொல்லி விற்பது வேறு. அவற்றின் உரிமை லூகாஸ்ஃபிலிம் நிறுவனத்திடம் இருக்கிறது. 2012 முதல் அது டிஸ்னியைச் சேர்ந்தது. விற்பதானால் முதல் வகையோடு நில்லுங்கள். விலையைப் பித்தளையின் எடைக்குப் போடாமல் உழைத்த நேரத்துக்குப் போடுங்கள்.

ஒரு வருஷம் கழிச்சுப் பேட்டரி மாத்தலாம்னு பார்த்தா, மரை சிக்கிக்கிட்டுக் கழறவே இல்ல.

பச்சைக் களிம்பு மரைக்குள் புகுந்திருக்கும். மூட்டைச் சுற்றி ஊடுருவும் எண்ணெயை விட்டு ஓர் இரவு வைத்திருங்கள். எண்ணெய் உள்ளே வழியாதபடி, கழற்ற வேண்டிய உறுப்பு கீழே தொங்குமாறு சாய்த்து வைக்க வேண்டும். மறுநாள் இரு புறமும் வார் சுற்றித் திருகுங்கள். அசையாவிட்டால், பேட்டரி உள்ளே இருப்பதால் தீயும் வெப்பக்காற்றும் காட்டாமல், எண்ணெயை மீண்டும் விட்டு இன்னும் இரண்டு நாள் காத்திருங்கள். கழன்றதும் பழைய பல்துலக்கியால் மரையைத் தேய்த்து, மெல்லிய மெழுகு தடவிய பிறகு திருகுங்கள். ஆண்டுக்கொரு முறை, தீபாவளிக்கு விளக்குத் தேய்க்கும் அதே நாளில், கைப்பிடியையும் முழுதாகப் பிரித்துக் கட்டிவிட்டால் மரை சிக்காது.